அபி விழுந்த ஆடி

ஆடி 9, திங்கள்

காற்று. மாடியில் காயப் போட்ட மிளகாய் முழுக்க மண். புடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

பேத்தி அபி காலையில் கிரவுண்டில் விழுந்துவிட்டாள். நானூறு மீட்டர் ஓட்டம், கடைசி வளைவு. யாரும் இடிக்கவில்லை. கால் தடுக்கவில்லை. அப்படியே முகம் குப்புற. கோச் ஓடிவந்து புரட்டிப் போட்டு நெஞ்சைத் தேய்த்தாராம். கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் கண்ணைத் திறந்து, "டைம் என்ன சார்" என்று கேட்டிருக்கிறாள். அவள் புத்தி அதுதான்.

மூக்கு, முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிராய்ப்பு. வந்து தயிர்சாதம் தின்றாள். தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் விசிறி, ஒரு சாக்குக்கு.

"ஆயா, மேல ஃபேன் ஓடுது. எதுக்கு விசிறுற?" கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

போன வாரம்தான் கொரோனா பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்டாள். பெங்களூர் கேம்ப்புக்கு அது இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். அந்தக் கேம்ப்பில் பேர் வந்தால் இந்தியா பனியன். போட்டது யார்? வார்டு சுகாதார நிலையத்து நர்ஸ் வ. அவள் கோ. மகள்.

கோ. என் கொழுந்தன் சுந்தரத்தைச் சடுகுடு ஆட்டத்தில் நெஞ்சில் இடித்துக் கொன்றவன். அந்தப் பேரை முழுசாக எழுதக் கை வராது. அப்பன் அவனைக் கொன்றான். மகள் இவளுக்கு ஊசி போட்டாள்.

மோட்டார் போடவில்லை. நாளைக்குத் தண்ணீர் இல்லை.

ஆடி 10, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. மகன் முருகன் கம்பெனிக்கு லீவு. விடியும்போதே பஸ். சீட்டு வாங்க வரிசை, உட்கார வரிசை, கழிப்பறைக்கு வரிசை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம். அப்புறம் எக்கோ, நெஞ்சில் பசை தடவி டி.வி.யில் பார்ப்பது. நானும் எட்டிப் பார்த்தேன். மீன் செவுள் மாதிரி திறக்கிறது, மூடுகிறது. என் பேத்தி உள்ளே இப்படித்தான் இருக்கிறாள். வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. மறுபடி சொன்னார்கள்.

இருதய டாக்டர் சின்னப் பெண். மூக்குத்தி. கத்தரிப்பூ சுடிதார். ஊசி என்றைக்கு, அப்புறம் காய்ச்சல் வந்ததா, நெஞ்சு வலித்ததா என்று கேட்டது. கை மட்டும் ஒரு நாள் வலித்தது என்றாள் அபி. இதற்கு முன்னால் ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். சொல்லும்போது ஷூவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும்போது என் கண்ணாடி வளையலை உடைத்துவிட்டு, பூனை என்று சொன்னபோதும் காலைத்தான் பார்த்தாள்.

ஓடக் கூடாது. மாடிப்படி கூட மெதுவாக. ஸ்கேன் ஒன்று, பெரிய குழாய்க்குள் படுக்க வைத்து எடுப்பது, வெள்ளிக்கிழமை.

பஸ்ஸில் அபி ஜன்னல் ஓரம்.  மரப்பாலம் ஸ்டாப் வந்ததும், "பத்து நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி 12, வியாழன். அமாவாசை

மழை வருவது போல் வந்து போய்விட்டது. காக்கைக்கு வைத்த சோற்றை அணில் தின்றது.

தெருவில் பேசுவது:

எதிர் வீட்டு சொல்தா வீட்டம்மா (வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த பென்ஷன் இன்னும் வருகிறது, அதனால் அவள் சொல்வதெல்லாம் பாரிஸில் இருந்து வந்த சேதி): மகன் போனில் படம் அனுப்பியிருக்கிறானாம். பந்து ஆடுகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தனாக மைதானத்தில் விழுகிறார்கள். எல்லாம் ஊசி.

பால்காரன்: அவன் மச்சான் ஊசிக்கு அப்புறம் ஒரு சொட்டுச் சாராயம் குடிக்கவில்லை. அது நல்லதுதானே என்றேன். அதற்கும் ஊசிதான் காரணம் என்கிறான்.

மூன்றாம் வீட்டுக்காரி: இரும்புச் சட்டியில் சமைத்துப் போடுங்கள். (வளைகாப்புக்கு வாங்கிப்போன என் தாம்பாளத்தை முதலில் கொடுக்கட்டும். அடியில் என் பேர் வெட்டியிருக்கிறது.)

அபி அந்தப் படத்தை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். விழுந்தவனைச் சுற்றி மற்றவர்கள் கை கோத்து மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "இவன் திரும்ப ஆடினானா" என்று கேட்கிறாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் மருமகள் செல்வி தெருமுனையில் வ.வை மறித்துக்கொண்டாள். ஸ்கூட்டியை நகர்த்த விடவில்லை. என் பெண்ணுக்கு என்னத்தை ஏற்றினாய் என்று கேட்டாள். கூட்டம் கூடியது. நான் கேட்டுக்குள் நின்று பார்த்தேன். வ. கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினாள்.

"இந்த ஊசி ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஆயிரத்துல லட்சத்துல ஒருத்தருக்குப் பண்ணுமாம், எங்களுக்கே கிளாஸ் எடுத்தாங்க. ஆனா அபிக்குப் போட்ட அதே பாட்டில்லதான் என் பையனுக்கும் போட்டேன். டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாருங்க. நானும் தெரிஞ்சிக்கணும்."

சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

செல்வி கேட்டது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆடி 14, சனி

ஆஸ்பத்திரி. இன்றைக்கு நான், முருகன், அபி, கோச். முதல் மாடிக்கு ஏறுவதற்குள் முருகன் பாதிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தான். அவன் செருப்பில் வார் இல்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தை மாட்டி விளக்கு போட்டது. நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஊசியால இதயத்துல வீக்கம் வர்றது உண்டு பாட்டி. ரொம்ப ரொம்ப அபூர்வம். வந்தா சில நாள்லயே நெஞ்சு வலிக்கும், ரத்தத்துலயும் தெரியும், இந்தப் படத்துலயும் தெரியும். இவங்களுக்கு அது இல்ல. தேடிப் பார்த்துட்டேன். இவங்களுக்கு இதயத்தோட சுவரு தடிப்பா இருக்கு. ஒரு வாரத்துல அப்படி தடிக்காது."

தடிப்பு இரண்டு விதமாம். இத்தனை வருஷம் ஓடினதால் தடித்திருக்கலாம், புஜம் தடிக்கிற மாதிரி. ஓட்டத்தை நிறுத்தினால் இறங்கிவிடும். மறுபடி ஓடலாம். இன்னொன்று ரத்தத்தோடு குடும்பத்தில் வருவது. அது இறங்காது. அதை வைத்துக்கொண்டு வேகமாக ஓடினால் ஒரு நாள் விழுந்து எழுந்திருக்க மாட்டார்கள். அபியுடைய அளவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லையாம்.

"அதனாலதான் கேக்குறேன். உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லீங்க" என்றான் முருகன்.

டாக்டர் என்னைப் பார்த்தது. என் பக்கம் எல்லாரும் கிழம் ஆகித்தான் போனார்கள் என்றேன். வீட்டுக்காரர்? மில்லில் பஞ்சுத் தூசி, நுரையீரல், என்றேன். எல்லாம் உண்மைதான்.

கோச் வெளியே வந்து மரத்தடியில் முருகனிடம் பேசினார். வேறு டாக்டரைப் பார்ப்போம், ஊசியால் வந்தது என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் ரெஸ்ட் எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போய்விடலாம், ஊசி என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குடும்பம் என்று எழுதிவிட்டால் அதோடு சரி. பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. ஏழாம் வகுப்பில் ஸ்கூல் கிரவுண்டில் செருப்பில்லாமல் ஓடினவளைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கெட்டவர் இல்லை.

அபி வேப்பம்பழத்தைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றாள்.

ஊசி என்றே இருந்துவிட்டால் எல்லாருக்கும் சுகம். அபி ஓடுவாள். செல்விக்கு நிம்மதி. நானும் கோ. குடும்பத்தைத் தெரு நடுவில் நிற்க வைக்கலாம்.

டாக்டர் இல்லை என்கிறது. உட்கார முடியவில்லை. இரண்டு தடவை வீடு கூட்டினேன்.

ஆடி 17, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் நாளைக்காம்.

காலையில் அபி படுக்கையில் இல்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கிறாள். போய்க் கையைப் பிடித்தேன். நாடி வெட்டுக்கிளி மாதிரி. கையை உருவிக்கொண்டாள்.

"சும்மா இருந்தா கால் பழசாயிடும் ஆயா. உனக்குத் தெரியாது."

எனக்கு என்ன தெரியாது. மில் பூட்டினபோது இவள் தாத்தா எட்டு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தார். கால், கை, வாய் எல்லாம் பழசானது.

நாளைக்குப் பதினெட்டு. வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமி படையல். வாங்க வேண்டியது:

வேட்டி, துண்டு (சுந்தரத்துக்கு)
மஞ்சள் பாவாடைத் துணி, பச்சை வளையல் (தனத்துக்கு)
வஞ்சிரக் கருவாடு
கதம்பம்
கற்பூரம் இருக்கிறது

தாம்பாளம் இன்னும் வரவில்லை. படையலுக்கு முன்னால் கேட்கத்தான் போகிறேன்.

ஆடி 20, வெள்ளி

ஆடி வெள்ளி. வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் வீட்டோடு.

பரணில் இருந்து பெட்டியை இறக்கினோம். எப்போதும் அபிதான் ஏறுவாள். இன்றைக்கு செல்வி விடவில்லை, முருகன் ஏறினான். இறங்கினதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெட்டிக்குள் போன வருஷத்து வேட்டி, போன வருஷத்துப் பாவாடை. கல்யாணம் ஆகாமல் போனவர்களை எங்கள் வீட்டில் செத்தவர்கள் என்று சொல்வதில்லை. சாமி ஆகிவிட்டார்கள் என்போம். சுந்தரம் வீட்டுக்காரரின் தம்பி. தனம் வீட்டுக்காரரின் அத்தை, நான் பார்த்ததில்லை, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே சாமி. ஓட்டத்துக்குப் போகும் முன் அபி இந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். சுந்தரத்தின் கால்தான் இவளுக்கு வந்திருக்கிறது என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு இலை போட்டேன். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வடை. முருகன் கற்பூரம் ஏற்றினான். அபி நெற்றியில் விபூதி வைத்துச் சொன்னான்: சுந்தரம் சாமி எப்படி விழுந்தாரோ அப்படியே நீயும் விழுந்தே, அவருதான் எழுப்பி விட்டுட்டாரு.

அபி இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தனம் சாமி எப்படி விழுந்தாங்க?"

தண்ணீர்த் துறையில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, என்றேன். முனி அடித்துவிட்டது என்பார்கள். பழக்கத்தில் வந்துவிட்டது வாயில்.

கற்பூரம் அணைந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எட்டிவிட்டது.

சின்ன வயதில் செத்தவர்கள் யார் என்று டாக்டர் கேட்டபோது இவர்கள் இரண்டு பேரும் நினைப்பிலேயே வரவில்லை. முருகன் பொய் சொல்லவில்லை. அவன் பிறந்ததில் இருந்து இவர்கள் சாமி. சாமியை யாராவது செத்தவர்களோடு சேர்ப்பார்களா. சுந்தரம் அடிபட்டுப் போனவன் வேறு.

அடிபட்டுத்தானே போனான்?

யார் பார்த்தது. பொங்கலுக்கு மறுநாள். நான் அடுப்படியில் இருந்தேன். என் மாமியார் தெருவில் இருந்து கத்திக்கொண்டு வந்ததுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவை, கையில் இருந்த அகப்பை, என் இடுப்பில் முருகன், எல்லாம் தெரியும். கோ. இடித்துவிட்டான் என்று அவள் சொன்னாள். ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.

குழம்பு யாருக்கும் இறங்கவில்லை. பூனைக்கு யோகம்.

ஆடி 21, சனி

வெயில். புழுக்கம்.

செல்வி துணி துவைக்கிற இடத்துக்கு வந்து குந்தினாள். கண் வீங்கியிருந்தது.

"அத்த, அத டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. எழுதிட்டாங்கன்னா அது ஆயுசுக்கும் இருக்கும். நாளைக்கு இவள எவன் கட்டுவான்? போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு இருந்தோமே, அதுவும் போச்சு. நாம பார்த்துக்கலாம். ஓட வேணாம்னு நாமளே சொல்லலாம்."

நாம் சொன்னால் நிற்பாளா என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குதிக்கிறதைச் சொன்னேன்.  சோப்பை என் கையில் இருந்து வாங்கி அவளே துவைத்தாள். கல்யாணமாகி வந்ததில் இருந்து என் புடவையை அவள் துவைத்தது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் அபி வந்து என் மடியில் தலை வைத்தாள். அவளாக வந்து படுத்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

"ஆயா, நீ சொன்னா நான் ஓட முடியாது. ஓடலன்னா நான் யாரு? இந்தத் தெருவுல எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். பேன் ஒன்று கூட இல்லை. நல்ல தலை.

உனக்கு முன்னால் எப்போதாவது மயக்கம் வந்ததா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

சுந்தரத்தைக் கோ. இடித்திருந்தால் தனம் ஒருத்திதான். ஒருத்தியை வைத்து என்ன சொல்ல முடியும், அதுவும் எந்தக் காலத்துச் சேதி. இடிக்கவில்லை என்றால் இரண்டு பேர். அது வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எந்த வாயைத் திறப்பது.

தெரிந்தவன் ஒருத்தன்தான் இருக்கிறான். தேங்காய்த்திட்டில் மூத்த மகன் வீட்டில். சுந்தரம் செத்த அன்றைக்கே கோ.வோடு பேச்சை நிறுத்தியவள் நான். முருகனுக்கு இப்போது நரைத்துவிட்டது.

வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். மூன்றாம் வீட்டுக்காரி தாம்பாளம் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்க்காமல்.

ஆடி 22, ஞாயிறு

போனேன். ஷேர் ஆட்டோ. துறைமுகத்துப் பக்கம் ஏலக் கூச்சல், ஐஸ் வண்டி, நாற்றம். வீட்டை விசாரித்தால் நர்ஸ் அம்மாவோட அப்பாவா என்று காட்டினார்கள்.

வாசலில் நாற்காலியில் இருந்தான். கண்ணில் பூ விழுந்திருக்கிறது. யார் என்று கேட்டான். நான் பேர் சொல்லவில்லை. சுந்தரம் எப்படி விழுந்தான் என்று மட்டும் கேட்டேன். குரலை வைத்துத் தெரிந்துகொண்டான். எழுந்திருக்கப் பார்த்தான், முட்டி வரவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, நான் தொடவே இல்ல. பாடிகிட்டு வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு மாடு போலாம், அவ்ளோ தூரம். பாட்டு நின்னுச்சு. மூச்சு விட்டுட்டான், புடிடான்னு எங்க ஆளுங்க கத்தறாங்க. நான் புடிக்கப் போறேன், அவன் கீழ போறான். குப்புற. நான் அவன் மேல விழுந்தேன், அதத்தான் பார்த்தவங்க சொன்னாங்க."

குப்புற.

இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னானாம். யார் கேட்டார்கள் என்றான். சாவுக்கும் வரவில்லையே என்றேன். தெருமுனையில் நின்றானாம், எங்கள் ஆட்கள் கையில் கட்டை இருந்ததாம். இருந்தது. எனக்கும் நினைவிருக்கிறது.

அப்புறம் அவனே சொன்னான். நான் கேட்கவில்லை.

"அதுக்கு முந்தின வருஷம் கடல்ல நீந்தி ஏறினதும் ஒருவாட்டி மயங்கிட்டான் அண்ணி. மணல்ல போட்டு தட்டி எழுப்பினேன். வீட்ல சொல்லிடாதடா, சொன்னா ஆட விடமாட்டாங்கன்னு கையப் புடிச்சுகிட்டான். நான் சொல்லல. அதத்தான் என்னால மறக்க முடியல, நீங்க பேசாம இருந்தது இல்ல."

அவன் மருமகள் டீ கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம். போகும்போது வரேன் என்று சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அபி முன்னால் நின்று, கோவிந்தன் சொன்னதைச் சொன்னேன். வீட்டில் சொல்லாதே என்று சுந்தரம் கையைப் பிடித்தது வரைக்கும். அவள் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிறதை நிறுத்தவில்லை.

உனக்கு எப்போது மயக்கம் வந்தது என்று கேட்டேன்.

"திருச்சி மீட்டுல. வார்ம்அப் பண்றப்ப. ஒரு நிமிஷம்கூட இருக்காது. வெயில்னு நெனச்சேன்."

திருச்சி மீட்டு மாசியில். பூஸ்டருக்கு எத்தனையோ முன்னால்.

ஆடி 23, திங்கள்

யாரையும் கேட்கவில்லை. காலையில் நானே பஸ் ஏறினேன். முருகன் பின்னாலேயே ஓடிவந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறினான். மூச்சு இரைத்தது.  என்னைத் தடுக்கவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். சுந்தரம், இன்ன வயது, இப்படி ஆடிக்கொண்டிருந்தான், யாரும் தொடவில்லை, குப்புற. தனம், இப்படி. அபி திருச்சியில், இப்படி. ஏன் முதலில் சொல்லவில்லை என்று டாக்டர் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவர்கள் எங்களுக்குச் சாமி என்றேன், சாமி என்றால் என்ன என்று கேட்டது. பெட்டி, வேட்டி, இலை எல்லாம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னது.

"உங்க மகனுக்கும் எக்கோ எடுக்கணும் பாட்டி. இப்பவே."

முருகனைப் பனியனைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு வெளியே ஸ்டூல். எதிரே சுவரில் தடுப்பூசிப் படம், குழந்தை சிரிக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கும் இருக்கிறது. அபியை விட அதிகத் தடிப்பு. மாத்திரை. மூட்டை தூக்கக் கூடாது, கம்பெனியில் வேறு வேலை கேட்க வேண்டும். இனிமேல் சந்தேகமில்லை, குடும்பத்தில் வருவதுதான் என்றது டாக்டர். அபி நடக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பந்தயம் மட்டும் வேண்டாம். நெஞ்சுக்குள் ஒரு மிஷின் வைக்க வேண்டி வருமா என்று பிறகு பார்த்துச் சொல்லுமாம்.

என் மகன் இத்தனை வருஷம் படியில் நின்று நின்று செருப்பைச் சரி செய்திருக்கிறான். நான் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவள் என்று தெருவில் பேர்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முருகன் துண்டை என் தலையில் போட்டான்.

ஆடி 25, புதன்

கோச் வந்தார். அபியின் கேம்ப் பேரை எடுக்கச் சொல்லித் தானே எழுதிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். டீ குடிக்கவில்லை. நேரம் பார்க்கிற கடிகாரத்தைக் கழுத்தில் இருந்து கழற்றி அபியிடம் கொடுத்தார், சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் பார்க்க வா என்று. அவள் வாங்கவில்லை. மேசைமேல் கிடக்கிறது.

சொல்தா வீட்டம்மா இன்னும் ஊசிதான் என்கிறாள். பாரிஸில் அப்படித்தான் சொல்கிறார்களாம். முருகனுக்கு எந்த ஊசியில் வந்தது என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும்.

மத்தியானம் சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்குப் பூஸ்டர் தவணை தாண்டிக் கிடந்தது. அவள் கையால் வேண்டாம் என்றுதான் போகாமல் இருந்தேன். வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். நான் ரவிக்கைக் கையை மேலே தள்ளினேன். அவளும் ஒன்றும் கேட்காமல் போட்டாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, முருகண்ணனுக்கு மாத்திரை ஒரு வேளை கூடத் தப்பக் கூடாது, தீர்வதற்கு முன்னாலேயே வாங்குங்கள் என்றாள். சரி என்றேன். அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் பண்ணேன், அநியாயத்துக்கு விட்டு வைத்திருக்கிறாய் என்றேன். இந்த வாயை என்ன செய்வது.

அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

ஆடி 28, சனி

கை வலி விட்டது. இரவெல்லாம் மழை, காலையில் ஓய்ந்தது. மிளகாயை மறுபடி காயப் போட்டேன்.

பெட்டியைப் பரணில் ஏற்ற முருகனை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றச் சொன்னேன். மூடும் முன் வேட்டியைத் தடவிப் பார்த்தேன். கருகருவென்று முடி சுந்தரத்துக்கு, நரைக்கக் காலம் கிடைக்கவில்லை. தனத்துக்குப் பின்னல் முழங்கால் வரை என்பார்கள்.

அபி திங்கட்கிழமையில் இருந்து என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் அம்மாவைக் கேட்கிறாள், உப்பு என் பக்கத்தில் இருக்கிறது. ஷூவை எடுத்து மாடியில் இருந்து காலி மனையில் எறிந்தாள். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றுதான் கிடைத்தது.

சாயங்காலம் நடக்கப் போனாள். டாக்டர் சொன்ன மாதிரி, மெதுவாக. தெருக்கோடி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரம் மேசைமேல் அப்படியே இருக்கிறது.

செல்வி சொல்கிறாள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் அத்தை என்று. இவளுக்கு என்ன தெரியும். அது என் பேத்தி. நான் கோவிந்தனோடு எத்தனை வருஷம் பேசாமல் இருந்தேனோ அத்தனை வருஷம் இவளும் இருப்பாள். அதற்குள் தலை நரைத்துவிடும் அவளுக்கு.

நரைக்கட்டும்.